சாமித்தட்டில் இருந்த சாம்பல் தூள்

ஸ்டோவ்னரில் சுரங்க ரயில் ஏறியபோது தேவிகாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒஸ்லோ மத்திய நிலையத்தில் இறங்கியபோது எழுபது. தை மாதத்தில், வேலைக்குப் போகும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இது நடந்தது. ரயில் நேரத்துக்குத்தான் வந்தது.

பிழை முழுவதும் அவள் கணவர் குகதாசனுடையது. மனிதர் ரயில் பணிமனையில் பெட்டி கழுவுகிறவர். பகல் முழுக்க அழுக்கைத் தேய்த்துவிட்டு வந்து, மாலையில் உள்ளங்கை நீள மாதிரி ரயில்களுக்கு அழுக்குப் பூசுவதுதான் அவருடைய ஒரே பைத்தியம். பாஸ்டல் வண்ணக் குச்சிகளைக் கத்தியால் சுரண்டித் தூளாக்குவார். கபில நிறம் இரும்பில் ஏறும் கறளுக்கு, கறுப்பு புகைக்கரிக்கு, சாம்பல் நிறம் மழையும் வெயிலும் தின்ற பழமைக்கு. மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தால் நேற்று வாங்கிய பெட்டி நாற்பது வருடம் ஓடியதுபோல ஆகிவிடும். போன குளிர்காலத்திலிருந்து தூள் உண்மையாகவே வேலைசெய்யத் தொடங்கியது. கறள் பூசிய பிளாஸ்டிக் எஞ்சின் அவர் விரலைக் கீறி, ஏற்பூசி போடவேண்டி வந்தது. மேசையில் சாம்பல் பூசி வைத்த குட்டி லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்தின் கூரை ஒரே கிழமையில் உளுத்துக் கொட்டியது. குகதாசன் பயந்துபோனார், ஆனால் வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் தேவிகா எல்லாவற்றையும் மேசையோடு தூக்கி வெளியே வைத்துவிடுவாள்.

நம்மவர் வீடுகளில் வெறும் தகரப் பேணியை யாரும் எறிவதில்லை. சாம்பல் தூளை அவர் முடிந்துபோன திருநீற்றுப் பேணியில் போட்டார். தட்டுப்பட்டுக் கொட்டாமல் இருக்கட்டும் என்று சாமித்தட்டின் ஓரத்தில் வைத்தார். அன்று காலை பல் தீட்டிக்கொண்டு வந்தவர், பேணி திறந்து கிடப்பதையும் தூளில் மூன்று விரல்கள் பதிந்திருப்பதையும் கண்டார். உடனே தேவிகாவுக்குப் போன் எடுத்தார்.

“எங்கை நிக்கிறீர்?”

“ரயிலுக்கை. இஞ்சரப்பா, ஒரு பொடியன் எழும்பி எனக்கு இடம் தந்தவன். இந்த ஊரிலை ஆர் அப்பிடிச் செய்யினம்?” அவளுடைய குரல்தான், ஆனால் வெகுகாலம் பாவித்த குரல்.

“திருநீறை அழியும்! உடனை அழியும்!”

“என்ன கதை கதைக்கிறியள்? பூசின திருநீறை ஆரும் அழிப்பினமே?” என்று வைத்துவிட்டாள்.

குகதாசன் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி அடுத்த ரயிலைப் பிடித்தார். நிலையங்களில் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும், போய்ச் சேரும்போது அவள் உயிரோடு இருப்பாளா என்றுதான் நினைத்தார். மேடையில், முழுவதும் நரைத்த தலையோடு, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன் தோளில் கிடந்த பனியில் கைக்குட்டையை நனைத்து நெற்றியைத் துடைத்தார். மேலே நின்ற தூள் வந்தது, வயது அத்துடன் நின்றது. சுருக்கங்களுக்குள் இறங்கியது வரவில்லை. ரயில் பெட்டிகளிலும் அப்படித்தான். எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

தேவிகா முதியோர் இல்லத்தில் வேலைசெய்கிறவள், எழுபது வயது அவளுக்குப் புதிதில்லை. ஒன்றுதான் கேட்டாள்: “அப்ப நான் முதல் போயிடுவன், என்ன?”

அந்தப் பயத்தை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேணியை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அவள் ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு, “கண்ணை மூடுங்கோ” என்றாள். தூள் கண்ணில் விழாமல் இடக்கையைப் புருவத்தில் அணைபிடித்து, மூன்று குறி இழுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது தன் வயதுக்கு வந்ததும் துடைத்தாள்.

பணிமனை அவரை ஓய்வூதியத்துக்கு அனுப்பியது. பேணியைக் குப்பையில் போட்டார்கள். இப்போது அவர்கள் ரயில் ஏறினால், இரண்டு பேர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.