இன்னும் கொஞ்சம் காற்று

“அத தொடாதீங்க!”

தனலெட்சுமி போட்ட சத்தத்தில், சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்த இரண்டு அண்டை வீட்டுக்காரர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். அவள் கணவர் அய்யாக்கண்ணுவின் உடல் இன்னும் அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் சவப்பெட்டி வைக்க இடம் வேண்டும். மெத்தையைச் சுருட்டியாயிற்று, டிவி மேசையை அறைக்குள் தள்ளியாயிற்று. மூலையில் நின்ற ஆக்சிஜன் மெஷின் மட்டும்தான் பாக்கி.

“அது அங்கயே இருக்கட்டும்லா.”

புருஷனுடைய பொருள், பிரிய மனமில்லை என்று நினைத்து அவர்கள் விலகிப் போனார்கள்.

அன்று காலை வீடு திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், மெஷின் மேல் அவருடைய துண்டைப் போட்டு மூடியதுதான். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அதன் குமிழைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஒன்றில்தான் வைக்க வேண்டும் என்று, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அந்த எண் மேல் சிவப்பு நகப்பூச்சில் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். நேற்று மதியம் தனலெட்சுமி அதை நாலுக்குத் திருப்பினாள். துண்டுக்கு அடியில் அது இன்னும் நாலில்தான் நிற்கும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது எப்படித் திருப்பி வைப்பது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அவளும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஆனால் அது சோற்றுக்கும் சொந்த பந்தத்துக்கும் பொருந்தாது என்பது அவள் கட்சி. யார் தட்டிலும் இன்னும் ஒரு கரண்டி போடாமல் அவள் கை நின்றதில்லை.

கேட்பதிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அய்யாக்கண்ணு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்கால ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்ததும், “கெளம்பு, காத்து வாங்கிட்டு வருவோம்” என்பார். பழைய மஞ்சள் ஃபெரிக் கப்பலின் மேல்தட்டில் போய் நிற்பார்கள். அக்கரையில் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி ஏறித் திரும்புவார்கள். அவள் சேலைத் தலைப்பு அவர் முகத்தில் அடிக்கும். இக்கரை வந்ததும் அவள், “இன்னும் ஒரு தடவ போவோம்ங்க” என்பாள்.

“ஒனக்கு எவ்ளோ காத்து இருந்தாலும் பத்தாதுலா” என்று சிரித்துக்கொண்டே மறுபடி வரிசையில் போய் நிற்பார். ஒரு நாள்கூட முடியாது என்று சொன்னதில்லை. அந்த மனிதருக்குத்தான் கடைசி மூன்று வருஷம் படுக்கையிலிருந்து குளியலறை வரை போக மூச்சு இல்லாமல் போயிற்று. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்த நெஞ்சு.

நேற்று மதியம் சளி கட்டி, அவர் வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி எண்பத்தைந்து காட்டியது. தொண்ணூறு பக்கம் இருந்தால் போதும், அதற்குமேல் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மகன் பரீட்சையில் எண்பத்தைந்து வாங்கி வந்தாலே திருப்தி இல்லாதவள் அவள். குமிழைத் திருப்பினாள். எண் மளமளவென்று ஏறித் தொண்ணூற்றெட்டில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சிவந்து, கை கதகதப்பாகி, கண் அசந்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று அவள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஐந்து மணிக்கு எழுப்பினால் அவர் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் அதிரா முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்.

“ரத்தத்துல ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கும்மா. கார்பன் டை ஆக்சைடுதான் ரொம்ப ஏறிருச்சு. காத்து உள்ள போனா மட்டும் பத்தாது, கெட்ட காத்து வெளிய போவணும். இந்த மாதிரி பழைய நோயாளிக்கு ஆக்சிஜன் அதிகமா குடுத்தா, அது வெளிய போவாம உள்ளயே தங்கிரும். தூங்குற மாதிரியே மயக்கமாயிருவாங்க. நெஞ்சுல கிருமியும் இருக்கு. வீட்ல எத்தனைல வச்சிருந்தீங்க?”

“ஒண்ணுலதான் டாக்டர்” என்றான் மகன் கோகுலன், பட்டென்று. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தனலெட்சுமி வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் அதை எழுதிக்கொண்டாள்.

பிறகு அவன் அப்பாவின் அடையாளக் கார்டை எடுக்க வீட்டுக்குப் போய்வந்தான். வந்தபின் அம்மா பக்கத்தில் உட்காராமல் வராந்தாவிலேயே நின்றான். காலை எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

பெட்டி வந்துவிட்டது. கூடவே அய்யாக்கண்ணுவின் அக்கா நவமணியும் வந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, நேராக மூலைக்குப் போனாள்.

“தனம், மெஷின எத்தனைல ஓட்டுன?”

“அண்ணி…”

நவமணி துண்டைத் தூக்கினாள். தனலெட்சுமி தரையில் கையை ஊன்றினாள். சொல்லிவிடலாம், நான்தான் அவரைக் கொன்றேன் என்று இத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று எழப்போனாள்.

“ஒண்ணு. சரியாத்தான் வச்சிருக்க” என்றாள் நவமணி. “செல பேரு பாசத்துல கூட்டி வச்சிருவாங்க. வார்டுல எத்தனை பாத்திருக்கேன். அதான் கேட்டேன்.” துண்டை அவளே திரும்பப் போட்டாள்.

துண்டு விழுமுன் தனலெட்சுமி பார்த்துவிட்டாள். குமிழின் கோடு சிவப்புப் பொட்டுக்கு நேராக நின்றது.

அவள் கோகுலனைத் தேடினாள். வாசலில் குனிந்து, வந்தவர்களின் செருப்புகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவள் பார்வை அவன்மேல் இருப்பது தெரிந்தும் நிமிரவில்லை. கடைசிச் செருப்பையும் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தான். சுவரோரம் இருந்த ஃபேனைத் தூக்கி வந்து அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

“வேர்க்குதேம்மா. இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கவா?”

“போதும்யா” என்றாள்.

ஃபேன் காற்றில், பெட்டி மேல் கிடந்த மாலையின் ஓரம் ஆடிக்கொண்டிருந்தது.