மிதிக்கத் தெரியாத கால்

கண்காணிப்பாளர் காரைப் பிரித்துப் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு பெரிய அலுவலகத்தின் பதிவறையில் முப்பது வருஷம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளை எண் மாறாமல் அடுக்குவதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் கை நீட்டிப் பழக்கமில்லாதவர். வீட்டில் குழாய் ஒழுகினால் கீழே வாளி வைப்பார். அந்த வாளியையும் மனைவிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்ற மறுவாரமே ஐம்பது வயதுக் கார் ஒன்றை இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தி, பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் எல்லாவற்றையும் தன் கையாலேயே புதுப்பிக்கப் போவதாக அறிவித்தார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னும் மூன்று வருஷம் வேலை பாக்கி இருக்கிறது. மனுஷர் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தன்னை மேற்பார்வை பார்ப்பதைவிட ஒரு காரை மேற்பார்வை பார்ப்பது மேல் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் அட்டை எழுதினார். சும்மா எழுதவில்லை, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டார். ‘முன் – இடது – பிரேக்’, ‘முன் – வலது – ஸ்பிரிங்’ என்று ஷெட் முழுக்க அட்டைகள் ஆடின. பழைய கார் வைத்திருப்பவர்கள் போனில் நடத்தும் பழங்கார்க் குழுவில் அவற்றைப் படமெடுத்துப் போட்டதும் அங்கிருந்தவர்கள் அவரை ‘இன்ஜினீயர் சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் மூலைக்கடை மெக்கானிக்கை ஒரு நடை கூப்பிட்டுக் காட்டலாமே என்று நர்ஸ் சொன்னது எடுபடுமா என்ன? அவனுக்குப் பழைய காரைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

திரும்பப் பூட்டிய பிறகு வந்தது வினை. நான்கு சக்கரத்தையும் தரையில் இறக்கியதும் கார் ஓட்டுநர் பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்து நின்றது. கண்காணிப்பாளர் மட்டப்பலகையை எடுத்துவந்து ஷெட்டை அளந்து, தரை சரியில்லை என்று கண்டுபிடித்தார். ஆள் வைத்து அந்த மூலையில் சிமெண்டும் பூசினார். சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்டியரிங் கோணிக்கொண்டு நின்றது. அது பாகம் விற்ற கடைக்காரனின் குற்றமாயிற்று. பிரேக் பெடலோ மிதித்தால் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கியது. அதற்கு ஒரு குற்றவாளி வேண்டுமே, நர்ஸின் கால் அகப்பட்டது.

பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்து சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, எண்ணெயோடு சேர்த்துக் காற்றை வெளியே விட்டு, மறுபடி மூட வேண்டும். நர்ஸ் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஷெட்டிலிருந்து குரல் வரும். பிறகு ஒரு மணி நேரம் மிதி, பிடி, விடு. பத்து சாயங்காலம் இப்படியே போயிற்று. குப்பி குப்பியாக எண்ணெய் தீர்ந்தது, பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது.

“உனக்கு மிதிக்கத் தெரியல. விரலால மிதிக்கிற. பாதத்தை முழுசா வை” என்றார் கண்காணிப்பாளர் காருக்கு அடியிலிருந்து.

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு தாளில் பாதத்தின் படம் வரைந்து, எந்த இடம் பெடலில் பட வேண்டும் என்று கோடு போட்டு ஸ்டியரிங்கில் ஒட்டினார். வேலைக் குறிப்பேட்டில் ‘மிதிப்பவரின் ஒத்துழைப்பு போதாது’ என்று தேதியோடு எழுதி வைத்தார். இருபது வருஷமாகத் தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கால் அது. நர்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இது இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பழங்கார்க் குழுவின் ஊர்வலம். ஆறு கிலோமீட்டர் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. குடும்பத்தோடு வரும் காருக்குத் தனி மதிப்பெண் உண்டாம். அதனால் கண்காணிப்பாளர் மகளைப் பின் சீட்டில் உட்கார வைப்பதாக முடிவு செய்திருந்தார். அவளுக்கு ஏழாம் மாதம். படத்துக்கு அது இன்னும் எடுப்பாக இருக்கும் என்று குழுத் தலைவரிடம் போனில் சொன்னதை நர்ஸ் தன் காதாலேயே கேட்டாள். மகளுக்கு அப்பா மனம் கோணக்கூடாது, சரி என்று தலையாட்டிவிட்டாள். பெடல் கெட்டியாக இருக்கிறது என்று தன் காலுக்குத் தெரியும்வரை பெண்ணை அந்தக் காரில் ஏற விடுவதில்லை என்று நர்ஸ் உறுதியாக இருந்தாள்.

பதினோராவது சாயங்காலம், அதாவது வியாழக்கிழமை, தலைவரிடமிருந்து போன் வந்தது. கண்காணிப்பாளர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நர்ஸ் சீட்டிலிருந்து இறங்கி, இத்தனை நாளும் தன்னைப் பார்க்க விடாத இடத்தை, முன்சக்கரத்தைக் கழற்றிய இடத்துக்குள், குனிந்து பார்த்தாள். பிரேக்கின் மேல்பக்கத்தில் திருகைக் காணோம். அது அடியில் இருந்தது, அங்கிருந்துதான் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக டிரிப்ஸ் குழாயில் காற்றுக் குமிழியைச் சுண்டிச் சுண்டி வெளியேற்றியவள். குமிழி மேலேதான் ஏறும். கீழே ஓட்டை போட்டு வருஷம் முழுக்க மிதித்தாலும் எண்ணெய் வருமே தவிர காற்று வராது. எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. இரண்டு பக்கமும் தலைகீழாக இருப்பதென்றால் இடதும் வலதும் மாறியிருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

அவர் திரும்பி வந்ததும் நேராகவே கேட்டாள்.

“இதையெல்லாம் கழட்டி அட்டை கட்டும்போது எங்க நின்னீங்க?”

“காருக்கு முன்னால. பானெட்டைத் திறந்து வெச்சு. ஏன்?”

“காரைப் பார்த்தபடி. உங்க இடது கைப்பக்கம் இருந்ததுக்கெல்லாம் இடதுன்னு எழுதினீங்க.”

“ஆமா.”

“மாட்டும்போது?”

மாட்டும்போது அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துத்தான் இடது வலது தீர்மானித்திருந்தார். ஓட்டுநரின் இடதும், எதிரே நிற்பவரின் இடதும் ஒன்றல்ல என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அந்த அட்டைகளை நம்பி அவர் முன்பக்கத்துச் சாமான் அத்தனையையும் இடம் மாற்றிப் பூட்டியிருந்தார். பிரேக்குகள் பக்கம் மாறியதால் மேலே இருக்க வேண்டிய திருகு அடிக்கு வந்திருந்தது. ஓட்டுநர் பக்கத்து உயரமான ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் போயிருந்தது. ஸ்டியரிங் கம்பிகளும் இடம் மாறியிருந்தன. தரையும் கடைக்காரனும் நர்ஸின் காலும் ஒரு பாவமும் அறியாதவை.

கண்காணிப்பாளர் முகம் ஒரு நொடி வெளிறியது. பிறகு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. “ஊசி போடுறவளுக்கு பிரேக்கைப் பத்தி என்ன தெரியும்? போய் வேலையப் பாரு” என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் டூட்டியிலிருந்து திரும்பியபோது கார் நான்கு சக்கரத்தில் மட்டமாக நின்றது. ஸ்டியரிங் நேராக இருந்தது. அவர் கைமுட்டியெல்லாம் சிராய்ப்பு. பகல் முழுக்கக் கழற்றி மாட்டியிருக்கிறார். கார் சாயவில்லையே என்று கேட்டதற்கு, சிமெண்டு காய்ந்து தரை சரியாகியிருக்கும் என்றார். பிறகு கடைசியாக ஒரு தடவை மிதிக்கச் சொன்னார். மிதி, பிடி, விடு என்று நாலைந்து முறைதான், குழாயில் பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்து ஓய்ந்தன. அடுத்த மிதியில் பெடல் கல்லாக நின்றது. நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதி காலிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது.

“பார்த்தியா, ஒரு வழியா மிதிக்கக் கத்துக்கிட்ட” என்றார் கண்காணிப்பாளர்.

அதையும் அவள் விழுங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் சனிக்கிழமை வார்டில் டீ குடிக்கும்போது கூட வேலை செய்பவள் தன் போனை நீட்டினாள். அவள் கணவரும் பழங்கார்க் குழுவில் இருக்கிறார். அதில் கண்காணிப்பாளர் எழுதியிருந்தார்: ‘பதினோரு நாள் போராட்டத்துக்குப் பிறகு பிரேக் வெற்றி. காரணம் கருவி அல்ல, மிதிப்பவரின் கால். பொறுமையாகப் பயிற்சி கொடுத்தேன்.’ கீழே எண்பது பேர் கைதட்டியிருந்தார்கள். ஒருவர், வீட்டம்மாவுக்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்டிருந்தார். கண்காணிப்பாளர் அதற்குச் சிரித்து வைத்திருந்தார்.

நர்ஸுக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கோபம் அடங்கிய பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஊசி ஏறாவிட்டால் நோயாளியின் நரம்பு சரியில்லை என்று சொல்லும் புது நர்ஸுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கை தவறியது என்று ஒப்புக்கொள்பவளைத் தனியாக வார்டில் விடுவாள். நரம்பைக் குறை சொல்பவளை விடமாட்டாள். நாளைக்குச் சரிவில் பாதி வழியில் பெடல் அமுங்கினால் இந்த மனுஷர் வண்டியை ஓரங்கட்டுவாரா, ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டே இறங்குவாரா? யோசித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் கார் பளபளவென்று நின்றது. தலைவர் தன் காரைப் பின்னால் நிறுத்திவிட்டு வந்து சுற்றிப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் தலையில் புதுத் தொப்பி. அவர் பின்கதவைத் திறந்து பிடிக்க, மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் ஏறாமல் அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, ஏறட்டுமா?”

கண்காணிப்பாளரின் முகம் சுருங்கிவிட்டது. நர்ஸ் அருகில் வந்தாள்.

“பிரேக் நல்லா இருக்கு. நானே மிதிச்சுப் பார்த்தேன்” என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “வெள்ளிக்கிழமை எதை மாத்தினதால சரியாச்சுன்னு இவகிட்ட சொல்லுங்க. ஒரே வரி. சொன்னா ஏறட்டும்.”

தலைவருக்கு உள்விவகாரம் எதுவும் புரியவில்லை. மெய்யான ஆர்வத்தோடு, எதை மாற்றினீர்கள், மற்றவர்களுக்கும் உதவுமே என்று கேட்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை யாரும் தங்கத்தட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. கண்காணிப்பாளர் தொப்பியைச் சரிசெய்தார். மகளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

“பெரிசா ஒண்ணும் மாத்தல. எல்லாம் இவ கால்தான்” என்றார்.

நர்ஸ் பின்கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, வார்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி சத்தமில்லாமல் சாத்தினாள். மகள் என்னோடு என் வண்டியில் வருவாள், கீழே வந்து பார்க்கிறோம் என்று தலைவரிடம் மரியாதையாகச் சொன்னாள். கண்காணிப்பாளர் நேரமாகிறது என்று முணுமுணுத்தபடி தனியாக ஏறிக் கிளம்பினார். தெருமுனையில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வர, கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல், சாயாமல், நேராக அழகாக நின்றது. பிறகு காலிப் பின்சீட்டோடு முனை திரும்பிப் போயிற்று.

மகளுக்குக் கண் கலங்கியிருந்தது. “ஒரே வரிதானேம்மா. அதைச் சொன்னா அவருக்கு என்ன குறைஞ்சு போயிடும்?”

“முப்பத்தொரு வருஷமா நானும் அதைத்தான் யோசிக்கிறேன்” என்றாள் நர்ஸ். “நீ ஏறி பெல்ட்டைப் போடு.”