அக்கா ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

அக்கா ஓட்டினால் கார் நின்றுவிடும். மாமா ஓட்டினால் நிற்காது. எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக இதுதான் பேச்சு.

மாமா என்றால் அக்காவின் கணவர். வீட்டை ஒட்டியே கார் பட்டறை வைத்திருக்கிறார். வண்டி வாசலில் நுழையும் சத்தத்திலேயே என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். சொந்த மனைவியின் வண்டி மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை.

அக்கா ஊருக்கு வெளியே ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். பஸ் பாதி வழியோடு திரும்பிவிடும் என்பதால்தான் அந்தப் பழைய காரை வாங்கினாள். போன வாரம் நாற்சந்தியின் நடுவில் அது நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் பிடித்த சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டதாம். அன்றைக்கே மாமா முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் கோளாறு தெரியாவிட்டால் காரை, விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரருக்குத் தள்ளிவிடுவது. கார் போனால் வேலையும் போகும். அக்கா அதைச் சொல்லவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைக்கிற வேகத்தில் எங்களுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை மாமாவின் தம்பி, கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் பெட்டியைக் காரில் மாட்டினார். எந்நேரமும் அந்தப் பெட்டியும் கையுமாகத் திரிவதால் பட்டறையில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பேர்.

“ஒரு எரர் கோட் கூட இல்ல அண்ணி. இன்ஜின் பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு.”

“அந்தக் குழந்தை நடுரோட்ல படுத்துக்கிச்சே, அது ஏன்னு கேளுங்க.”

பிளக் மாற்றியாயிற்று. பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாயிற்று. எர்த் வயரைச் சுரண்டித் துடைத்து முறுக்கியாயிற்று. மாமா காரை எடுத்துக்கொண்டு ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விசிலடித்தபடி திரும்பி வந்தார்.

“வெண்ணெய் மாதிரி போகுது. இன்ஜினா நின்னிருந்தா பெட்டில பதிவாகியிருக்கும். பதிவாகலன்னா யாரோ நிறுத்தியிருக்காங்க.”

“யாரோன்னா?”

“நான் யார் பேரையும் சொல்லலம்மா. கிளட்ச்சை எப்படி மிதிச்சேன்னுதான் கேட்டேன்.”

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டினாள். “எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. கடைசி நாள்தானே, நானே ஓட்டிட்டுப் போறேன். நீங்க பக்கத்துல உக்காந்து என் காலையே பாத்துட்டு வாங்க.”

மாமா விழித்தார். அக்கா ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. டாக்டர் பெட்டியோடு பின்சீட்டில் ஏறினார். இந்த வேடிக்கையை விட மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் மாமாவின் கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

“உங்க பக்கம் பிரேக் கிடையாதுங்க,” என்றாள் அக்கா.

“கால் மரத்துப்போச்சு, உதறினேன்.”

மருத்துவமனைக்கு முன்னால் வரிசையாக வேகத்தடைகள். முதலாவதில் ஏறி இறங்கினோம். அடுத்ததில் இறங்கும்போது சட்டென்று இன்ஜின் அடங்கியது. அக்கா கலங்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, உருண்டுகொண்டிருந்த காரை ஓரம் கட்டினாள். கிளட்ச் பக்கம் அவள் கால் போகவே இல்லை. மாமாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எரர் கோட் எதுவும்...” என்று இழுத்த டாக்டர், “பெட்டிக்கு இன்ஜின் பக்கத்துலேருந்து பதிலே வரலையே,” என்றார்.

ரேடியோவில் மட்டும் ஒரு அம்மா தலைமுடி உதிர்வதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். மாமா தன் வழுக்கையைத் தடவியபடி அதை முறைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்ஜின் தானா நின்னா முன்னாடி சிவப்பு விளக்கெல்லாம் எரியும். இங்க ஒண்ணுமே எரியல. ஆனா ரேடியோ பேசுது. எப்பவும் இப்படித்தானா?”

“எப்பவும் இப்படித்தான்.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? கிளட்ச்சை எப்படி மிதிச்சேன்னுதானே கேட்டீங்க.”

பின்சீட்டில் டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“சாவியை ஒரு படி பின்னால திருப்பினாத்தான் இப்படி ஆகும்,” என்று முனகியபடி மாமா குனிந்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். கார்ச்சாவிக்குக் கீழே விடுதியே தொங்கிக்கொண்டிருந்தது. வெளிக்கதவு, மொட்டைமாடி, ஸ்டோர் ரூம், தண்ணீர்த்தொட்டி, இரும்பு அலமாரிகள் என அத்தனையின் சாவிகளும் ஒரே வளையத்தில். கொத்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மாமா அதைக் கையில் ஏந்திக்கொண்டார். “இப்ப எடு. திருப்பி அதே ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்து.”

ஏறினோம், இறங்கினோம். நிற்கவில்லை. சுற்றி வந்து, கொத்தை விட்டுவிட்டு மறுபடி ஏறினோம். நின்றுவிட்டது.

சாவி நுழைக்கிற இடத்தில் தேய்ந்துபோன சுவிட்சு. வண்டி குலுங்கும்போது கொத்தின் கனம் சாவியைப் பின்னால் இழுத்துவிடுகிறது. வண்டியின் கணக்கில், ஓட்டுகிறவரே சாவியைத் திருப்பி நிறுத்தியதாக அர்த்தம். அதில் பதிவாக என்ன இருக்கிறது?

பட்டறையில் எத்தனை தடவை ஓட்டியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஒரு வாடிக்கையாளரின் வீட்டுச்சாவி பட்டறையில் தொலைந்து பெரிய ரகளை ஆனதிலிருந்து, வண்டி வந்ததும் கார்ச்சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது மாமா போட்ட சட்டம். வண்டியை எடுக்கும்போது அக்கா சாவியை மறுபடி கொத்தில் கோத்துக்கொள்வாள். வியாதியை வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே இன்ஜினைத் துருவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாமா கொத்தைக் கழற்றி அக்காவின் கைப்பையில் போட்டார். “திங்கட்கிழமை புது சுவிட்சு போட்டுடறேன்.”

“பேக்கரிக்காரர்?”

மாமா காது கேட்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுதி வாசலில் எங்களை இறக்கிவிட்ட அக்கா, காரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டாள்.

“அப்ப நாங்க எப்படித் திரும்பறது?” என்றார் மாமா.

“பஸ் இருக்குங்க. கொஞ்சம் நடக்கணும்.”

கொஞ்சமில்லை. வயல் முடிந்து செங்கல் சூளை வந்தது, சூளை முடிந்து சுடுகாடு வந்தது. பஸ் நிற்கிற இடத்தைக் காணோம். டாக்டர் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் சுமந்தார். மாமாவின் செருப்பில் முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“கார் வாங்கறதுக்கு முன்னாடி தினமும் இதையா நடந்தா?”

“ராத்திரி டூட்டின்னா டார்ச் எடுத்துட்டுப் போவா,” என்றேன்.

அங்கேயே, மரத்தடியில் நின்று, மாமா போனை எடுத்தார்.

“பேக்கரி அண்ணே, நான்தான். அந்தக் கார் விக்கறதுக்கு இல்லீங்க. இல்லண்ணே, விலை ஒண்ணும் பிரச்சினை இல்ல. கோளாறா? அது சின்ன கோளாறுதான்.” கொஞ்சம் கேட்டுக்கொண்டார். “யாரு, வீட்லயா? அதெல்லாம் நல்லாத்தான் ஓட்டறா. என்னைவிட நல்லாவே ஓட்டறா.”