பலகைக்கு அடியில் தேங்காய்த் தண்ணீர்

அங்கே இருந்தவர்கள்: காரின் சொந்தக்காரர் வெங்கடராமன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஷ்யாமளா. லாரி டிரைவர் காசிம், தாராவியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவன். வாட்ச்மேன் ஒருவர், கடைசி வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அப்புறம் நான், ஆறுமுகநயினார். தேங்காயையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் காம்பவுண்ட். கார் சிவப்பு, ஸ்போர்ட்ஸ் கார். பம்பருக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் நுழையும், அவ்வளவுதான். ரிடையர் ஆன கையோடு செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதமே கட்டடத்தின் சொசைட்டிக்காரர்கள் கேட்டில் வேகத்தடை போட்டுவிட்டார்கள். அதைத் தாண்ட முடியாமல் ஏழு மாதம் உறைக்குள் கிடந்தது. இப்போது சர்வீஸுக்காக நெருள் போக வேண்டும், கார் ஏற்றிப்போகும் எங்கள் ஃபிளாட்பெட் லாரியின் முதுகில்.

எனக்கு இது பகல் வேலை. பத்து மாதம் கால் சென்டரில் இரவு ஷிப்டில் உட்கார்ந்து ஃபோனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. இங்கே மூன்று மாதம் சோதனைக் காலம். முலுண்டில் ஒரு கீறல், செம்பூரில் ஒரு கீறல், இரண்டும் என் பெயரில். மூன்றாவது வந்தால் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். வண்டியை ஏற்றியதும் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் தாளில் அவரே வேறு காரணம் எழுதினால் மட்டும் அது என் பெயரில் வராது.

அதனால் அன்றைக்கு இரண்டு நீளப் பலகைகள் கொண்டுபோயிருந்தேன். லாரியின் பின்னால் தரைக்கு இறங்கும் இரும்புச் சரிவு அந்தக் காருக்கு ரொம்பச் செங்குத்து. பலகையின் ஒரு முனை தரையில், மறுமுனை சரிவின் மேல் என்று வைத்தால் ஏற்றம் குறையும், மூக்கு இடிக்காது. தரை வழவழப்பான கல். நாலு தடவை மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஷ்யாமளா தட்டோடு வந்தார். கற்பூரம், குங்குமம், தேங்காய்.

"சித்த இருங்கோ. ஏழு மாசம் கழிச்சு வெளில கிளம்பறது. வெறுமனே அனுப்பப்படாது."

"இது எங்க மாமி கிளம்புது?" என்றான் காசிம். "லாரில்லா கிளம்புது. லாரிக்கு ஒண்ணு உடைங்க."

"உன் லாரிக்கு உங்க முதலாளி உடைப்பார்."

கற்பூரம் சுற்றிவிட்டு, காருக்கு நேர் முன்னால், இடது பலகையின் அடியை ஒட்டி உடைத்தார். நல்ல இளசான காய். தண்ணீர் முழுக்கப் பலகைக்கு அடியில் ஓடியது.

"மாமி, ஒரு பழந்துணி குடுங்க. தொடச்சிட்டு ஏத்துதேன்."

"அதைத் துடைக்கப்படாதுப்பா. அதுவா காஞ்சுடும்."

வெங்கடராமன் ஏற்கெனவே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். அதை வேறு யாரும் தொடக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன, ஆயிலா கொட்டியிருக்கு? பத்தரைக்கு ராகுகாலம். இழுக்கச் சொல்லு."

நான் முடியாது என்று நின்றிருக்க வேண்டும். "சரி சார்" என்றேன். ஃபோனில் பழகிய வாய்.

காசிம் லாரியில் இருந்த வின்ச்சை, காரை இழுக்கும் இயந்திரத்தை, ஓட்டினான். இரும்புக் கயிறு விறைத்தது. முன் சக்கரங்கள் பலகையில் ஏறின. பாதி ஏறியதும் இடது பலகையின் அடி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. மேல்முனை சரிவை விட்டு நழுவியது. பம்பர் இரும்பு விளிம்பில் உட்கார்ந்து உரசியது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, என் சட்டையைக் கழற்றித் தரையைத் துடைத்து, சாக்கு போட்டு, பலகையை மறுபடி வைத்து ஏற்றினோம். பனியனோடு படுத்துப் பார்த்தேன். அரை முழத்துக்குக் கீறல், ஓரத்தில் ஒரு விரிசல்.

வெங்கடராமனும் துண்டு விரித்துப் படுத்துப் பார்த்தார். எழுந்து தாளுக்குக் கை நீட்டினார்.

"சார், கீழ ஒரே ஒரு வரி எழுதிருங்க. தரை ஈரமா இருந்துச்சுன்னு. அது போதும்."

"எழுதினா?"

"என் பேர்ல வராது. வேல நிக்கும்."

"என் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் நிக்காதே. அந்த மாதிரி ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிச்சு கிளெய்மைத் தள்ளத்தான் எனக்கு முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் கொடுத்தா." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் பொய் எழுதலை. ஏத்தறச்சே இடிச்சுதா, இல்லையா?"

"இடிச்சிச்சு."

"அதைத்தான் எழுதறேன்."

ஏற்றும்போது சேதம் என்று அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மணியும் போட்டார். 10.25. தரைத்தளத்தில்தான் அவர் வீடு. தாளை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"வாலே, போவோம்" என்றான் காசிம்.

"நடந்தத ஆபீஸ்ல சொல்லுவியாலே?"

"சொல்லுவேன். நீ என் கூட்டாளின்னு எல்லாவனுக்கும் தெரியும். எவன் கேப்பான்?"

ஷ்யாமளா தேங்காய்மூடிகளைப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே போனேன்.

"மாமி, நான் துணி கேட்டேம்லா."

அவர் உள்ளே ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேட்டே. நான்தான் வேண்டாம்னேன்."

"அத எழுதிக் குடுங்க. இந்தத் தாள்லயே எடம் இருக்கு."

"அவர் கையெழுத்துப் போட்டதுக்குக் கீழே நான் என்னத்தை எழுதறது?" தட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்து என் கையில் வைத்தார். "ஆத்துக்குக் கொண்டுபோ. ஸ்வாமிக்கு உடைச்சது."

ஒரு கையில் தாள், மறு கையில் தேங்காய்மூடி. கதவைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.