இருநூற்று ஏழாவது கட்டளை

மூன்றாவது மாடியின் பன்னிரண்டாம் அறை, உள்ளே குழாய் மாற்றிக்கொண்டிருந்த ஆளோடு சேர்ந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு இல்லாமல் போனது. இடிந்து விழவில்லை, சத்தமும் இல்லை. தாழ்வாரம் ஓர் அறைக்கு முன்பே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். குடியிருந்தவர்கள் பெரிதாகத் திகைக்கவில்லை. வரைபட அலுவலகத்தின் திரையில் எது அழிகிறதோ அது அந்தக் குடியிருப்பிலும் அழியும், எது வரையப்படுகிறதோ அது முளைக்கும் என்பது இரண்டு வருடமாக எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். கொத்தனார்கள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

குழாய்க்காரரின் மனைவிதான் அந்த அலுவலகத்தில் வரைபடம் சரிபார்ப்பவள். வரைவது ஏஐ. வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்துவிடுவதால் அதற்கு அங்கே அமுக்குணி என்று பெயர். முன்பெல்லாம் அது வரைகிற மென்பொருளுக்கு ஒரு கட்டளை கொடுக்கும், முடியும்வரை காத்திருக்கும், சரியாக வந்ததா என்று பார்க்கும், பிறகுதான் அடுத்ததற்குப் போகும். நடுவில் அவளுக்கு ஒரு போன் செய்ய நேரம் கிடைத்தது. "அண்ணே, ஏழாம் நம்பர்ல சமையலறைச் சுவர் போகப்போகுது, அடுப்ப அணைச்சிட்டு வெளிய வரச் சொல்லுங்க" என்பாள். காவல்காரர் மூச்சிரைக்க மாடியேறுவார். ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

முதலாளிக்கு அந்த இடைவெளிதான் கண்ணை உறுத்தியது. கட்டளைகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும் வசதி வந்ததும், "ஏம்மா, நாள் பூரா இழுக்கிற வேலை நாலு செகண்டுல முடியுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். முதல் கட்டில் முந்நூற்றுப் பதினெட்டுக் கட்டளைகள். புதிதாக ஆறாவது மாடி எழுப்புவது, பழைய அறைகளில் சிலவற்றை எடுப்பது. அவள் நாற்பது வரை வரி வரியாகப் படித்தாள். பிறகு விரல் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே போனது. இருநூற்று ஏழாவது வரியில் 'பன்னிரண்டாம் அறை, காலி, நீக்கு' என்றிருந்ததைப் பார்த்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. காலி அறையில் தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுச் சுவர் ஊறுகிறது என்று அன்று காலைதான் அவள் கணவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

சாயங்காலம் காவல்காரர் போன் செய்தார். "தங்கச்சி, உன் வீட்டுக்காரரு மூணாவது மாடிக்குப் போனவரு இறங்கவே இல்ல. போய்ப் பார்த்தா அந்த ரூமே இல்லம்மா."

பன்னிரண்டாம் அறையை மட்டும் திரும்பக் கொண்டுவா என்று தட்டினாள். முடியாது என்று எழுதியது அமுக்குணி. கட்டாகப் போனது கட்டாகத்தான் திரும்பும், ஆறாவது மாடியும் போய்விடும்.

அதற்குள் ஆறாவது மாடியில் வெள்ளத்தில் வீடிழந்த பத்தொன்பது குடும்பங்கள் குடியேறியிருந்தன. அவள் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். யாரும் வாதாடவில்லை. அவிழ்த்த மூட்டைகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக வந்தவள் அன்று மூன்று மணிக்கு அந்த மாடியிலேயே பிள்ளை பெற்றவள். "எனக்கு ஒண்ணுமில்லக்கா, நடந்துடுவேன். அண்ணன் திரும்பி வரட்டும்" என்று பிள்ளையை அணைத்தபடி படியிறங்கினாள். ஐந்தாவது மாடியில் அவள் கால் பட்டதும் கையில் வெறும் துணி தொய்ந்தது. பதறி ஒரு படி பின்னால் ஏறினாள். துணிக்குள் பிள்ளை கனமாக, வீறிட்டு அழுதது. இன்னொரு முறை இறங்கிப் பார்த்தார்கள். அப்போதும் அப்படியே; ஆறாவது மாடியில் பிறந்தது அதைவிட்டு இறங்காது. பெற்றவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "எல்லாரும் மேல போங்க" என்றாள் சரிபார்ப்பவள்.

பின்னால் திரும்பிப்போக மென்பொருள் கடைசி ஐம்பது அடிகளைத்தான் நினைவில் வைத்திருக்கும், அதற்கு முந்தைய எதையும் திருப்ப முடியாது. ஒற்றைக் கட்டளையும் ஓரடி, ஆயிரம் கட்டளைகளின் கட்டும் ஓரடி. கணவனை எட்டும் தூரத்திலேயே வைத்திருக்க, அவரை விழுங்கிய அதே வழியில், எல்லா வேலையையும் பெரிய பெரிய கட்டுகளாக அனுப்பினாள். அவள் வழிக்கு வந்துவிட்டதாக முதலாளி நினைத்தார். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஆள் வெளியே வந்து பேசும் குரலைக் கேட்ட பிறகே அழுத்தினாள். அப்படியும் நான்கு வருடத்தில் அடிகள் தீர்ந்தன. கடைசிக் கட்டைப் பதினாறு நாள் பிடித்து வைத்திருந்தாள். நாலாவது மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தக் கட்டில் இருந்த லிஃப்ட் வேண்டியிருந்தது. பதினேழாம் நாள் அழுத்தினாள். பன்னிரண்டாம் அறை நினைவிலிருந்து விழுந்தது. முடிந்தது என்று எழுதியது அமுக்குணி. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த வரைபடத்தைத் திறந்தாள்.

பிறகு ஆறாவது மாடியிலேயே, அந்தப் பிள்ளையின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். பிள்ளைக்காக டீச்சர் மாடியேறி வந்தார், முடிவெட்டுபவரும் வந்தார், அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவளிடம், "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார்.

"மூணாவது மாடியில, பன்னிரண்டாம் ரூம்ல."

"அங்க பதினொண்ணுதானே இருக்கு?"

"ஆமா."

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. 'வெளியூரில் வேலை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.