சோதனைச் சாவடியில் ஒரு பல் வைத்தியம்

பொலிஸ்காரர் இரண்டு கடதாசிகளையும் அருகருகே பிடித்துப் பார்த்தார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, கொழும்பு, கிருலப்பனைச் சோதனைச் சாவடி. மகரகமை பஸ்ஸில் வந்த எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். மற்றவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். நாகேஸ்வரியும் கணவர் கதிர்காமநாதனும் மட்டும் வெயிலில் நின்றார்கள்.

ஒரு கடதாசி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவு. வந்த காரணம்: பல் வைத்தியம். மற்றது மகரகமை ஆஸ்பத்திரிக் கார்ட். அதில் புற்றுநோய் வைத்தியசாலை என்ற முத்திரை.

"இது பல்லு. இது கான்சர்," என்றார் பொலிஸ்காரர், தெரிந்த தமிழில். "எது பொய்?"

பல்தான் பொய். சொன்னவள் நாகேஸ்வரி. முதலில் தங்கிய லொட்ஜில் உண்மையைத்தான் சொன்னாள். மறுநாளே, நோய் ஒட்டிவிடும் என மற்ற ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு பைறோஸாவின் வீட்டு மேல்மாடி அறை கிடைத்தபோது, கணவரின் வீங்கிய கன்னத்தைக் காட்டி, "பல்லுக்கு மருந்து செய்ய வந்தனாங்கள் அக்கா" என்றாள். வீட்டுக்காரி பைறோஸா அதை அப்படியே பதிவுப் பத்திரத்தில் எழுதிப் பொலிஸில் கொடுத்துவிட்டாள்.

கதிர்காமநாதன் விளக்கப் பார்த்தார். இரண்டு விரல் நுழையாத அளவுக்கு வாய் பூட்டிக்கிடந்தது. சொற்கள் குழைந்து விழுந்தன. பொலிஸ்காரருக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம்.

"வீட்டுக்காரர் வரட்டும். வந்து சொன்னா போகலாம்."

பத்தரைக்குக் கரண்ட் பிடிக்கும் முறை. கதிர்ச் சிகிச்சையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முப்பது நாளில் இது பதினோராவது. ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. இப்போது ஒன்பது இருபது.

பைறோஸாவைக் கூப்பிட்டால் அறை போகும். கூப்பிடாவிட்டால் வைத்தியம் போகும்.

எதிர்க் கடையின் டெலிபோனை நாகேஸ்வரி எடுத்தாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிப்போட்டன். இவருக்குப் பல்லில வருத்தமில்லை. வாயில கான்சர்."

"நிக்கிற எடத்தச் செல்லுங்க," என்றாள் பைறோஸா.

பத்து மணியாவதற்குள் ஓட்டோ வந்து நின்றது. பைறோஸா இறங்கினாள். நாகேஸ்வரியை ஏறெடுத்தும் பார்க்காமல், நேரே பொலிஸ்காரரிடம் போய்ச் சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள். பத்திரத்தைப் பறிக்காத குறையாக வாங்கி, பல் வைத்தியத்தை வெட்டி, மேலே வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொலிஸ்காரரும் அதன் பக்கத்தில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கி, போகச் சொல்லிக் கைகாட்டினார்.

மூவரும் ஓட்டோவில் நெருக்கியடித்து ஏறினார்கள். நாகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"நாளைக்கே வேற இடம் பாக்கிறம் அக்கா. ஆனா இது ஒட்டாது, டொக்டரே சொன்னவர். சின்ன வயசில இருந்து வாய்க்குள்ள புகையிலை அடக்கி வைச்ச பழக்கம். முதல்ல கன்னத்துக்குள்ள வெள்ளையாப் படர்ந்தது. பிறகு ஆறாத புண். உறைப்புப் பட்டா நெருப்பு மாதிரி."

பைறோஸா சட்டென்று திரும்பினாள்.

"உறைப்புப் பட்டா நெருப்பா? அப்ப நான் ஒவ்வொரு நாளும் காலைல கொண்டு வந்த கொச்சிக்கா சம்பல்?"

"சாப்பிட்டவர்."

"நாளுமா?"

"நீங்கள் கதவடியில நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பியளே அக்கா. தொடாமல் விட்டா விளங்கியிடுமெண்டு..."

"பொய் செல்லினதுக்குக் கோவம்தான். ஆனா நோயாளிய இருத்தி வெச்சி வாய்ல நெருப்புத் தீத்தின பாவத்த என்ட தலைல போட்டுட்டீங்களே தங்கச்சி. அறைய விடுற கத வாணாம். இவருக்கு எனத்தத் திங்க ஏலும்? அதச் செல்லுங்க."

"கஞ்சி. தேங்காய்ப்பாலில ஊறின இடியப்பம். மீனெண்டா மசிச்சு, முள்ளில்லாமல்... சூடு ஆறியிருக்கோணும்."

கதிர்காமநாதன் கையை உயர்த்தினார். ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொன்னார்.

"சம்பல்... நல்ல... ருசி."

"தம்பி, முன்னுக்குப் பாத்து ஓட்டுங்க," என்று பைறோஸா, சிரித்துவிட்ட ஓட்டோக்காரரை அதட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி பத்து இருபத்தைந்து.

"இவர உள்ள அனுப்பிட்டு வாங்க," என்றாள் பைறோஸா. "டொக்டர்ட்ட, ஒட்டாதெண்டு எழுத்துல வாங்கோணும். கீழ் அறைல வாடகைக்கு இருக்கிறவன் ஏதும் பேசினா, அத மூஞ்சில காட்டுறன்."