நாளைக்கு என்ன கலர்?

எங்கள் தெருவில் குழாயைத் திறந்து நிறம் பார்த்த பிறகுதான் துணியை ஊறப்போடுவோம். பின்னால் இருக்கிற சாயப்பட்டறை, கழிவை ஆழமாகத் துளை போட்டு பூமிக்குள் தள்ளுகிறது. பூமி அதை அப்படியே எங்கள் போர்வெல்லுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தண்ணீர் சிவப்பாக வந்தால் அன்றைக்குச் சிவப்புத் துணி மட்டும் துவைப்போம்.

புகார் பெருகியதும் பட்டறை மேனேஜர் கூட்டம் போட்டார். அவரும் எங்கள் தெருக்காரர்தான்.

"கீழ கெட்டிப் பாறை இருக்கு. ஒரு சொட்டு மேல வராது. எல்லாம் உங்க பிரமை!" என்று மைக்கில் முழங்கினார்.

எதிர்வீட்டு அக்கா எழுந்தாள். "அப்போ எங்க வீட்டுக்காரர் பனியன் எப்படி சார் ஊதாவாச்சு?"

"சோப்பை மாத்திப் பாருங்கம்மா."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். அவர் மனைவியின் குரல் மைக் வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னங்க, நாளைக்கு என்ன கலர் ஓட்டுறீங்க? உங்க வெள்ளைச் சட்டையெல்லாம் ஊறப்போடணும். போன வாரம் நீங்க சொல்லாம விட்டு, அத்தனையும் பச்சையாயிடுச்சு!"

மேனேஜர் அவசரமாக மைக்கை அணைத்தார்.

நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது. மறுநாள் காலையில் பட்டறை வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'மக்கள் சேவையில் நாங்கள். இன்றைய நிறம்: மஞ்சள்.'

எந்த நிறத்தைக் குடிக்கலாம் என்று மட்டும் அதில் போடவில்லை.